மேஸ்திரி கன்னியப்பன் கேட்ட ஒரு வரி

1. என் பெயர் ந. திருவேங்கடம். வயது ஐம்பத்தெட்டு. பூவிருந்தவல்லியில் வக்கீல் தொழில் செய்து வருகிறேன்.

2. கோவில்பதாகையில், எழுத்தில் கலா மண்டபம் என்றும் பேச்சில் கொட்டாய் என்றும் வழங்கும் கட்டடத்தின் ஸ்தாபனப் பத்திரத்தை எழுதியவன் நான். ஆகவே, நான் சொல்லப்போகும் விஷயத்தில் எனக்குச் சம்பந்தம் உண்டு. என்னை நடுநிலைச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம்.

3. நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும், ஊகத்தை ஊகமாகவும் எழுதுகிறேன்.

4. காலஞ்சென்ற ரயில்வே கேங் மேஸ்திரி கன்னியப்பனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படிக்கலாம். அவர்களுக்குத் துக்கம் குறைவாக இருக்கும்; வெட்கம் குறைவாக இருக்க நியாயமில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவர் கோதண்டன். கன்னியப்பனின் கேங்கில், அதாவது தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்தில், முப்பது வருடம் கடப்பாரை பிடித்தவர். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு, காலையில் நான் கட்சிக்காரர் ஒருவரின் கிரயப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி பூட்டாரு, வக்கீலய்யா."

நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. எப்போது என்றேன். விடியற்காலை என்றார். என்ன உடம்புக்கு என்றேன். மூன்று நாள் காய்ச்சல் என்றார். அந்த மூன்று நாளும் உடனிருந்தவர் யார், வைத்தியர் யார், கடைசியாகப் பேசியது என்ன என்று அடுக்கிக்கொண்டே போனேன். கோதண்டன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு செத்துட்டாரு சாமி. குறுக்கு விசாரண இன்னாத்துக்கு?"

அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தேன்.

கன்னியப்பனின் குரலை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் அவரைக் கண்டேன். ஒரு வழக்கு விஷயமாகத் திருவள்ளூர் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வேப்பம்பட்டுக்கு இப்பால் வண்டி நின்றது. பாதையில் வேலை நடக்கிறது என்றார்கள். ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. இருபது பேர் கடப்பாரைகளைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து நின்றார்கள். ஒருவர் மட்டும் கையில் ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் நின்று பாடினார்.

"ஒத்தக் கை தள்ளுனா?" என்பார் அவர்.

"அசையாது!" என்பார்கள் இருபது பேரும்.

"அல்லாக் கை தள்ளுனா?"

"ஐலசா!"

அந்த 'ஐலசா'வில் தண்டவாளம் ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் கண்ணால் கண்டேன். இரும்பைப் பாட்டு நகர்த்துவதை அதற்கு முன் நான் கண்டதில்லை. என் பெட்டியில் இருந்த ஒருவர், "பாடறவனுக்கும் சம்பளம் உண்டா?" என்று கேலியாகக் கேட்டார். கன்னியப்பன் திரும்பிப் பார்த்து, "நான் வாய மூடினா உங்க வண்டி இங்கியே குந்திக்கினு கெடக்கும் சாமி, பரவால்லியா?" என்றார். பெட்டியே சிரித்தது.

அவர் என்னைத் தேடி வந்தது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு. உடன் வந்தவர்கள் கோதண்டனும், கோவில்பதாகையில் நில புலன் உள்ள பெரியவர் வரதராசனாரும். ஒரு கொட்டகை போட வேண்டும் என்றார்கள். இடம் வரதராசனாருடையது, எண்ணம் கன்னியப்பனுடையது. கோவில் தெருவில் பஜனை நடக்கும். ஏரிக்கரைக்கு அப்பால், பிறர் நிலத்தில் உழைத்தும் பின்னர் ரயில் பாதையில் உழைத்தும் பிழைத்த கன்னியப்பனின் ஆட்கள் குடியிருக்கும் சேரியில் கூத்து நடக்கும். பெண்கள் கோலாட்டத்தைத் தங்கள் தெரு முனையோடு நிறுத்திக்கொள்வார்கள். பொம்மலாட்டக்காரர் ஒருவர் வேப்பம்பட்டிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை வந்து, எங்கே திரை கட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போவார். இவற்றையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது கன்னியப்பனின் விருப்பம். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் அன்றே குறித்துக்கொண்டேன்.

"நாலு எடத்துல நாலு மேளம் அடிச்சா அது சத்தம், வக்கீலய்யா. ஒரே எடத்துல அடிச்சாதான் கச்சேரி."

பத்திரத்தை நான் கவனமாகவே எழுதினேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். நோக்கம் கூறும் பகுதியில் பின்வருமாறு எழுதினேன்: 'இம்மண்டபம் ஊரார் அனைவரும் கூடிப் பாடவும், ஆடவும், வாத்தியங்கள் வாசிக்கவும், அவற்றைக் கற்கவும் கற்பிக்கவும் உரியது.' அதைப் படித்துக் காட்டினேன். வரதராசனார் தலையசைத்தார். கன்னியப்பன் அசைக்கவில்லை.

"ஊராருன்னு போட்டுகிறீங்களே. அதுல நாங்க கீறோமா?"

"இருக்கிறீர்கள். 'அனைவரும்' என்று போட்டிருக்கிறேனே."

"அது சரி சாமி. ஆனா எம் பொஞ்சாதி தனம் கோவில் தெருவுக்கு மோர் வாங்கப் போனா, 'ஊருக்குப் போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் போவா. அஞ்சு நிமிச நடை. இருந்தாலும் அதான் ஊரு. நாங்க கீறது ஊரில்ல. அதனால எங்களையும் சேத்து ஒரு வரி ஜாஸ்தியா போட்டுடுங்க."

வரதராசனார், "போட்டுடுங்களேன், இன்னா கொறையப் போவுது?" என்றார்.

நான் மறுத்தேன். எனக்குக் கற்பிக்கப்பட்ட ஒரு விதியைச் சொன்னேன். பத்திரத்தில் சிலரைப் பேர் சொல்லிச் சேர்த்தால், பேர் சொல்லப்படாதவர்களை விலக்கியதாகப் பிற்காலத்தில் எவனாவது வாதாடுவான். நாளை பக்கத்து வெள்ளானூரிலிருந்து ஒருவன் வந்தால் அவனை வெளியே நிறுத்த அந்த வரியே போதும். பொதுச் சொல்லே பாதுகாப்பானது என்றேன். விதி சரியானது. இன்றும் எந்தக் கோர்ட்டிலும் அதைச் சரியென்றே சொல்வேன்.

கன்னியப்பன் சிரித்தார்.

"அப்ப பேரு போடாதவன்தான் கெட்டியா உள்ள கீறான்னு சொல்றீங்க. சட்டம் நம்மளவிட கெட்டிக்காரத்தனமா கீது. சரி, குடுங்க."

எழுத்துக் கூட்டித் தன் பெயரைக் கையெழுத்திட்டார்.

கொட்டாயின் மண் சுவரை எழுப்பியவர்கள் கேங் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், அதே பாட்டைப் பாடிக்கொண்டு எழுப்பினார்கள். கூரைக்குக் கீற்று கோவில் தெருவிலிருந்து வந்தது. முதல் மூன்று வருடங்கள் அங்கே நடந்ததை நான் நேரில் கண்டவன். கோலாட்டப் பெண்கள் கூத்தாடுகிறவரின் அடவுக்குக் கோல் தட்டியதையும், பஜனைக்காரர் கைத்தாளத்தைக் கோதண்டனிடம் கொடுத்துவிட்டு அவருடைய உடுக்கையைக் கேட்டு வாங்கியதையும் கண்டேன். கன்னியப்பன் சிமெண்டுத் தரையில் கடப்பாரை நுனியால் தட்டித் தாளம் சொல்லிக்கொடுத்தார். தரையில் அந்த இடம் குழிந்தே போயிற்று.

அங்கே உட்காருவதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். தாளம் தெரியாதவர் முன்வரிசை, தெரிந்தவர் பின்வரிசை. "தெரிஞ்சவனுக்கு எங்க குந்தினாலும் கேக்கும். தெரியாதவன்தான் கிட்ட குந்தணும்" என்பார். ஒரு நாள் வரதராசனாரின் கை தாளத்தைத் தவறவிட்டது. "பெரியய்யா, உங்களுக்கு நிக்கல, முன்னால வாங்க" என்றார் கன்னியப்பன். இடத்தைக் கொடுத்த பெரியவர் வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துபோய், கோலாட்டம் கற்க வந்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். "இந்த மேஸ்திரி ரயிலையே நிறுத்தறவன். நான் எம்மாத்திரம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மகன் சபாபதி சிரிக்கவில்லை. அவருக்கும் தாளம் நிற்காது. மறுவாரம் அவரையும் முன்வரிசைக்குக் கூப்பிட்டபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் நடந்ததற்கு இதுவே வேர் என்பது என் ஊகம். ஊகம் சாட்சியம் அன்று.

வரதராசனார் காலமானார். சபாபதி மண்டபத் தலைவரானார். ஒரு ஞாயிறன்று கன்னியப்பனும் ஆட்களும் போனபோது, வாசலுக்குக் குறுக்கே மூங்கில் தடுப்பு ஒன்று கட்டியிருந்தது. நடந்த பேச்சைக் கோதண்டன் சொல்லக் கேட்டேன். சபாபதி அதைப் பின்னர் என்னிடம் மறுக்கவில்லை.

"யோவ் மேஸ்திரி, நீ பாட வாணாம்னு யார் சொன்னா? இங்க வெளிய நின்னு பாடு. பாட்டு தானா உள்ள வரும்."

"பாட்டு வரும் சின்னய்யா. நான் பாட்டில்லியே."

"பத்திரத்துல இன்னா எழுதிக்கீதுன்னு தெரியுமா? ஊரார்னு எழுதிக்கீது. ஊர் எது, சேரி எதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

பொது இடங்களில் எவரையும் தடுக்கலாகாது என்று அதற்குள் சர்க்கார் சட்டம் ஒன்று செய்திருந்தது. சபாபதி அதற்கும் பதில் வைத்திருந்தார். இது பொது இடமன்று, ஊராருக்கு மட்டும் எழுதி வைத்த இடம், சந்தேகமிருந்தால் வக்கீல் எழுதிய பத்திரத்தைப் பார் என்றார். வாசலை அடைத்த மூங்கில் அவருடையது. கட்டிய கயிறு என்னுடையது.

கன்னியப்பன் என்னிடம் வந்தார். வழக்குப் போடலாமா என்று கேட்டார். நான் ஆலோசனை சொன்னேன். வழக்கு அந்த ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொல் எப்படி வழங்குகிறது என்று விசாரிப்பார்கள். 'ஊருக்குப் போயிட்டு வரேன்' என்று உன் மனைவியே சொல்கிறாள் என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வாய்? தோற்றுவிட்டால் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளே நிரந்தரமாகிவிடும். பொறுத்திருப்பது உத்தமம். இவ்வளவும் நான் சொன்னது.

நான் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. வழக்கு நடந்தால் பத்திரம் எழுதியவனைக் கூண்டில் ஏற்றுவார்கள். கன்னியப்பன் ஒரு வரி கேட்டார், நீ மறுத்தாய் அல்லவா என்று என்னைக் கேட்பார்கள். நான் தினமும் நிற்கும் கோர்ட்டில், என் சகாக்களுக்கு முன், ஆம் என்று சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்திருப்பது எனக்கு உத்தமமாக இருந்தது.

கன்னியப்பன் எழுந்தார். "நீங்க எழுதினது தப்பில்ல. நான் கேட்டதும் தப்பில்ல. நடுவுல இன்னாவோ பூந்துகிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் நான் அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடிருந்தபோது 'நீ' என்றுதான் அழைத்தேன். என்னைவிட அவர் நான்கு வயது மூத்தவர்.

அதன் பிறகு அவர் தடுப்புக்கு வெளியே நின்று ஒரு நாளும் பாடவில்லை. ஆனால் கொட்டாய் திறந்த நாளின் வருட நிறைவை அவர் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் அன்று பிற்பகல், விழா நடந்துகொண்டிருக்கும்போது, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். தடுப்புக்கு முன்னால் நிற்பார். தண்டவாளத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் குரல் அது. அந்தக் குரலில் ஒரே கேள்வி கேட்பார்.

"ஊரார்னா யாரு?"

உள்ளே இருப்பவர்கள் நக்கல் செய்வார்கள். "வந்துட்டாருடா இலக்கண வாத்தியாரு!" என்பான் ஒருவன். "பதில் கெடைச்சா தந்தி அடிக்கிறோம், போ மாமே" என்பான் இன்னொருவன்.

"அவசரமில்ல. யோசன பண்ணிக்கினே இரு. அடுத்த வருசம் வந்து கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார்.

யுத்தம் முழுவதும் கேட்டார். யுத்தம் முடிந்த பிறகும் கேட்டார். ஏழு வருடங்கள். முதலில் சிரித்தவர்கள் பின்னர் சிரிப்பதை விட்டு, அந்த நேரத்தில் மேளத்தை உரக்க அடிக்கச் சொன்னார்கள். நல்ல தாளக்காரர்கள் அதற்குள் வருவதை நிறுத்திவிட்டதால், அடித்த மேளம் அவருடைய கேள்வியை மறைக்கவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆவடி ஸ்டேஷனில். சுயராஜ்யம் வந்தே விட்டது போல் எல்லோரும் பேசும் இந்த நாட்களில்தான். கொட்டாய் வாசலில் சபாபதி மூவர்ணத் துணி கட்டியிருப்பதாகக் கன்னியப்பன் சொன்னார்.

"தடுப்பு மேலியே கட்டிக்கிறாரு, வக்கீலய்யா. பாக்க லட்சணமாத்தான் கீது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டில்லில சுயராஜ்யத்துக்குப் பத்திரம் எழுதப் போறாங்களாமே. எழுதறவங்க உங்களாட்டம் படிச்சவங்கதானே? உங்களுக்கு யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க, ஒரு வரி ஜாஸ்தியா போடட்டும்" என்றார்.

எனக்கு யாரையும் தெரியாது என்றேன். "எனக்கும் உங்கள மட்டும்தான் தெரியும்" என்றார். கேலியா, துக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வண்டி வந்துவிட்டது.

இரங்கல் கூட்டம் அவர் இறந்த ஏழாம் நாள் பிற்பகல் கலா மண்டபத்தில் நடந்தது. ஸ்தாபனப் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது. மேஜைமேல் கன்னியப்பனின் கடப்பாரையை வைத்து மாலை போட்டிருந்தார்கள். அவருடைய மனைவி தனம் மூங்கில் தடுப்புக்கு வெளியே வெயிலில் நின்றாள். பக்கத்தில் கோதண்டன்.

"கடப்பாரைய உள்ள உட்டுட்டாங்க பாத்தியா, அண்ணி. அது இன்னா ஊரோ" என்றார் கோதண்டன், எல்லோர் காதிலும் விழும்படி.

சபாபதி எழுந்து தீர்மானத்தைப் படித்தார். நல்ல தமிழில் யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். 'நம் ஊராருள் ஒருவரும், இம்மண்டபம் தோன்ற மூலகாரணமானவருமான கன்னியப்பன் அவர்களின் மறைவுக்கு இம்மண்டபத்தார் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கின்றனர்.'

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருடம் பத்திரங்கள் படித்தவனின் காது, ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடும். சுற்றிலும் பார்த்தேன். வேறு எவர் முகத்திலும் மாற்றமில்லை. அவர்களுக்கு அது அலங்காரம். இறந்தவரைப் புகழும்போது தாராளமாக எடுத்துவிடும் சொல். உயிரோடு ஏழு வருடம் வாசலில் நின்று கேட்டவருக்குக் கிடைக்காதது, கேட்க வாயில்லாதபோது ஒரு வாக்கிய அழகுக்காகக் கிடைத்தது.

என்னைப் பேச அழைத்தார்கள். பேசுவதற்கு முன், தீர்மானத்தின் நகல் ஒன்று குடும்பத்தாருக்குக் கொடுப்பது முறை என்றேன். சபாபதி மகிழ்ச்சியோடு சம்மதித்தார். நிர்வாகிகள் ஐவரும் கையெழுத்திட்டார்கள். மையை உலரவிட்டு, மடித்து, கோட்டின் உட்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் பேசினேன். ஒரே வாக்கியம்.

"ஊரார் என்றால் யார்?"

"இன்னா வக்கீல் சார், செத்தவன் கேள்விய நீங்க கேக்கறீங்க?" என்றார் சபாபதி.

"கேள்வி அவருடையது. பதில் உங்களுடையது. இப்போதுதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள்" என்றேன்.

அவருக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியபோது நான் தடுப்பைத் தாண்டி வெளியே வந்திருந்தேன். தனத்திடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

"அவுரு கேட்டுக்கினே செத்தாரு. இவன் கேக்காமியே சொல்லிட்டான்" என்றாள். பிறகு, "இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற நீ?" என்றாள்.

கன்னியப்பனை அறிந்தவர்களே, அவள் என்னை 'நீ' என்றது நியாயம். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். வழக்குத் தாக்கல் செய்யப் போகிறேன். வெல்லும் என்று உறுதி கூற மாட்டேன். அலங்காரச் சொல் ஒப்புதல் ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிடும், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. வென்றாலும் உள்ளே போய் உட்கார அவர் இல்லை. கூண்டில் ஏறி, ஒரு வரி கேட்டார், நான் மறுத்தேன் என்று சொல்வேன். அதைச் சொல்ல ஏழு வருடம் தாமதித்தேன் என்பதையும், கேட்காமலே சொல்வேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பாட்டன்று. எனக்கும் தாளம் நிற்காது. முன்வரிசையில் உட்கார்ந்தவன்தான் நானும். மிஞ்சியது அவர் கேட்ட அந்த ஒரு வரி. அதை இங்கே, என் கையால், எழுதி வைக்கிறேன்.

பத்திரத்தைப் படித்துக் காட்டிய அன்று, ஏரிக்கரைக்கு அப்பால் குடியிருந்த கன்னியப்பன், வரதராசனாரும் கோதண்டனும் கேட்க, "அதுல நாங்க கீறோமா?" என்று என்னிடம் கேட்டார். "இருக்கிறீர்கள்" என்று நான் சொன்னேன். அந்தச் சொல் என் வாயில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. இப்போது எழுதுகிறேன்: இருக்கிறீர்கள்.

(கையொப்பம்)
ந. திருவேங்கடம், வக்கீல், பூவிருந்தவல்லி.

மேற்கண்டதைப் படிக்கக் கேட்டு ஒப்பிய சாட்சிகள்:

தனம், காலஞ்சென்ற கன்னியப்பனின் மனைவி, கோவில்பதாகை ஊரார். (இடது பெருவிரல் ரேகை)

கோதண்டன், ரயில்வே கேங் ஆள், கோவில்பதாகை ஊரார். (கையொப்பம்)